நரம்பியலா, நரம்பியல் சத்திரசிகிச்சையா? மஸ்கெலியாவிலிருந்து ஒரு இளம் டொக்டரின் கேள்வி

கேள்வி: நான் மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். வயது 29. நான் மாவட்டக் கோட்டாவில் வந்தவள். பேராதனையில் எம்.பி.பி.எஸ். முடித்தேன். இன்டர்ன்ஷிப்பும் முடிந்து, இப்போது மலையகத்தில் ஓர் ஆதார வைத்தியசாலையில் மெடிக்கல் ஒபிசராக இருக்கிறேன். மூளை, நரம்பு சம்பந்தமாக மேற்படிப்பு செய்ய ஆசை. ஆனால் நியூரோலஜியா, நியூரோசர்ஜரியா என்று முடிவெடுக்க முடியவில்லை. சர்ஜரி பெண்களுக்குச் சரிவராது என்கிறார்கள் சீனியர்கள். அமெரிக்காவில் ரெசிடென்சி என்ற ஸ்பெஷலிஸ்ட் பயிற்சி செய்யும் வகுப்புத் தோழி அங்கே வந்துவிடச் சொல்கிறாள். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். இரவில் விரல்கள் மரத்துப்போய்த் தூங்க முடியவில்லை என்கிறார். தம்பி கம்பஸில் படிக்கிறான். இன்னும் பத்து வருஷம் படிப்பா என்று வீட்டில் கேட்கிறார்கள், கல்யாணமும் பேசுகிறார்கள். நான் என்ன செய்யட்டும், டொக்டர்?

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். நானும் லிந்துலைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயம் ஒன்றில் பிறந்தவன்தான். உங்கள் வயதில் இதே கேள்விகளோடு இருந்தேன், கேட்க ஆள் இருக்கவில்லை. அதனால் சுற்றிவளைக்காமல் முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். படியுங்கள். முடிந்தவரை இங்கேயே படியுங்கள். இரண்டில் எது என்பதை நான் சொல்ல முடியாது. ஆனால் அதை நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி சொல்ல முடியும். அதற்கு முன்னால் ஒரு சம்பவம்.

நான் எச்.ஓ.வாக, அதாவது இன்டர்ன் டொக்டராக, மலைநாட்டு வைத்தியசாலை ஒன்றில் வேலை செய்த காலம். தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரை அட்மிட் செய்தார்கள். அறுபது வயதைத் தாண்டியவர். பேச்சில் தடுமாற்றம், கொஞ்சம் குழப்பம், வாயில் கசிப்புச் சாராய வாடை. வார்டில் தமிழ் தெரியாத டொக்டர்கள் அவரிடம் பேசியது ஓர் அட்டென்டன்ட் மூலமாக. நோயாளியின் குறிப்புத்தாளான டிக்கட்டில் எழுதப்பட்டது இரண்டு விஷயம்: குடிப்பழக்கம், கால்வலி. தமிழ் தெரிந்த நான் அதே வார்டில்தான் இருந்தேன். அன்றைக்கு நாற்பது நோயாளிகள். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. மூன்றாம் நாள் சாயந்தரம், சாப்பாடு கொண்டுவந்த அவருடைய மனைவி என்னை மறித்துச் சொன்னார்: "ஐயா, மூணு கெழமயா இவருக்கு ஒத்தக் காலுச் செருப்பு மட்டும் கழண்டு கழண்டு விழுது. அவருக்கே தெரியல. நான்தான் பின்னால எடுத்துக்கிட்டுப் போறேன்."

எந்தக் கால் என்று கேட்டேன். இடது கால். எங்கேயாவது விழுந்தாரா என்று கேட்டேன். ஒன்றரை மாசத்துக்கு முன்னால் லயத்துப் படியில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டிருக்கிறது; அன்றைக்கே எழுந்து நடந்ததால் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. கண்டிக்கு அனுப்பினோம். சி.டி.யில் வலது பக்கம் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே பழைய இரத்தம் தேங்கி, மூளையை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. நாட்பட்ட சப்டியூரல் இரத்தக்கட்டு. வயதாகும்போது மூளை கொஞ்சம் சுருங்கும். குடி அதைக் கூட்டும். மூளையிலிருந்து மேலே உறைக்குப் போகும் மெல்லிய சிரைகள் அப்போது இழுபட்டு நிற்கும். சின்ன அடியிலும் ஒன்று கிழிந்து, வாரக்கணக்கில் துளித்துளியாகச் சேரும். அவருக்கு மரத்துப்போக ஊசி போட்டு, மண்டையில் இரண்டு துளை போட்டார்கள். என்ஜின் ஒயில் மாதிரிக் கறுத்த திரவம் வடிந்தது. இரண்டு நாளில் அவர் எழுந்து நடந்து, பிளேன்டீ கேட்டார்.

அந்தச் சம்பவத்தில் இரண்டு வேலை இருக்கிறது, கவனியுங்கள். செருப்பு ஏன் கழன்றது என்று கேட்டு, இடது காலிலிருந்து வலது மூளைக்குப் போவது ஒரு வேலை. துளை போட்டு அந்த இரத்தத்தை வடித்து ஒரு மனிதனைத் திருப்பிக் கொடுப்பது இன்னொரு வேலை. இதை வாசித்தபோது உங்கள் மனம் எந்த இடத்தில் துள்ளியது? என்னுடைய மனம் செருப்பில்தான் துள்ளியது. அதனால் நான் நியூரோலஜிஸ்ட் ஆனேன். என்னோடு அன்றைக்கு இருந்த நண்பன் ஒருவனுக்கு அந்தக் கறுத்த திரவம் வடிந்த கணம்தான் வாழ்க்கையைத் திருப்பியது. அவன் சத்திரசிகிச்சைக்குப் போனான். உங்களுடைய துள்ளல் எது என்று ஒரு கதையை வாசித்து முடிவெடுக்க வேண்டாம். லீவு நாட்களில் கண்டி தேசிய வைத்தியசாலைக்குப் போய், முன்கூட்டியே அனுமதி கேட்டு, ஒரு நாள் நியூரோலஜி கிளினிக்கில் உட்காருங்கள். இன்னொரு நாள் நியூரோசர்ஜரி யூனிட்டில் இரவு கஷுவல்டி முழுவதும் நில்லுங்கள். இரண்டையும் இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். காலையில் வீட்டுக்கு வரும்போது எதைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறீர்களோ, அதுதான் உங்கள் துறை.

நியூரோலஜியில் பெரும்பகுதி கேட்பது. முதலில் "நோய் எந்த இடத்தில்" என்று கண்டுபிடிக்க வேண்டும்: மூளையின் மேல்பகுதியா, தண்டா, முள்ளந்தண்டு வடமா, நரம்பு வேரா, நரம்பா, நரம்பும் தசையும் சேரும் இடமா, தசையா. அதற்குப் பிறகுதான் "என்ன நோய்". எம்.ஆர்.ஐ. வந்த பிறகும் இந்த ஒழுங்கு மாறவில்லை. எங்கே படம் எடுக்க வேண்டும் என்று சொல்வதற்கே இடம் தெரிய வேண்டும். அந்த இடத்தைச் சொல்வது நோயாளியின் வாய்.

இங்கேதான் உங்களிடம் பெரிய சொத்து ஒன்று இருக்கிறது. கடிதத்தில் அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. உங்கள் தாய்மொழி தோட்டத்துத் தமிழ். யாழ்ப்பாணத்து நோயாளி "கால் விறைக்குது" என்றால் உணர்ச்சி குறைந்து மரத்துப்போகிறது என்று பொருள். நம் ஆட்கள் "கால் விறைச்சுக்கிச்சு" என்றால் பெரும்பாலும் மடக்க முடியாமல் இறுகிவிட்டது என்று பொருள். ஒன்று உணர்வு நரம்பின் கதை, மற்றது மூளையிலிருந்து வரும் இயக்கப் பாதையின் கதை. தமிழ் டொக்டர்களே இதில் தவறுவதைப் பார்த்திருக்கிறேன். "இழுப்பு" என்றால் ஒரு வீட்டில் மூச்சிழுப்பு, அடுத்த வீட்டில் வலிப்பு. "வாதம்" என்பது பக்கவாதமாகவும் இருக்கலாம், மூட்டுவாதமாகவும் இருக்கலாம். "தலை சுத்துது" என்று வருகிறவரிடம், உலகம் சுற்றுகிறதா, கண் இருட்டிக்கொண்டு வருகிறதா, நடக்கும்போது தள்ளாடுகிறதா என்று பிரித்துக் கேட்டால்தான் காதா, இதயமா, சிறுமூளையா என்று தெரியும். மொழிபெயர்த்துக் கேட்கும்போது இந்த மூன்றும் ஒரே ஆங்கிலச் சொல்லாகிவிடும்.

வலிப்பு இன்னும் ஆழமானது. நம் லயங்களில் இன்றும் வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணின் மாத்திரையை ஒளித்துவைப்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவளே நிறுத்திவிடுவாள், புருஷன் வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று. சோடியம் வல்ப்ரோவேட் எடுக்கும் பெண் கருத்தரித்தால் பிள்ளைக்கு ஊனமும் அறிவு வளர்ச்சிக் குறைபாடும் வரும் ஆபத்து இருக்கிறது. அந்த மருந்தை நேரத்தோடு மாற்ற வேண்டும். ஆனால் ஒளித்து மாத்திரை எடுக்கிற பெண் அதைச் சொல்லமாட்டாள். மாமியாரை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, அவளுடைய பேச்சில் கேட்கத் தெரிந்த ஒரு பெண் டொக்டரிடம் சொல்லுவாள். நான் முப்பது வருஷமாகக் கேட்கிறேன். என்னிடம் சொல்லாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் மனம் வலிக்கிறது.

சரி, சத்திரசிகிச்சைக்கு வருகிறேன். அது வேறு உலகம். இரவு இரண்டு மணிக்கு ஆட்டோ பள்ளத்தில் உருண்டு வருகிறவர், மரம் வெட்டும்போது கிளை விழுந்தவர். முதலில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்து ஒரு மணித்தியாலத்தில் நினைவு தப்பும், மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் இடையே வரும் எக்ஸ்ட்ராடியூரல் இரத்தக்கசிவில், நேரத்துக்குத் திறந்தால் முழு மனிதன் எழுந்து போவான், தாமதித்தால் இல்லை. மற்றப் பக்கம், எட்டு மணித்தியாலம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து நின்று எடுத்த கட்டி, புற்றுநோய் என்று அறிக்கை வரும். குழந்தைக்கு மூளைநீரை வடிக்க வைத்த ஷன்ட் குழாய் அடைபட்டு மறுபடி மறுபடி வரும். எல்லாவற்றையும்விடக் கஷ்டம், ஓப்பரேஷன் செய்யாமல் இருப்பது. "இதில் ஒன்றும் செய்ய முடியாது" என்று ஒரு தாயிடம் சொல்லும் முடிவை எடுக்கக் கற்றுக்கொள்வதற்கே பயிற்சியில் பாதி போகும். கை வேலை மற்றப் பாதி.

பெண்களுக்குச் சரிவராது என்று சொன்ன சீனியர்களிடம் டொக்டர் டி. எஸ். கனகாவைப் பற்றிச் சொல்லுங்கள். சென்னையில் 1932இல் பிறந்தவர். ஆசியாவில் நரம்பியல் சத்திரசிகிச்சைக்குள் நுழைந்த முதல் பெண்களில் ஒருவர். 1960களிலேயே அந்தப் பட்டத்தைப் பெற்றவர். மூளைக்குள் மிக நுணுக்கமாகக் கருவியைச் செலுத்தும் ஸ்டீரியோடாக்டிக் சத்திரசிகிச்சையில் முன்னோடி. 2018இல் காலமானார். அவர் காலத்தில் அவரிடமும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். எட்டு மணித்தியாலம் நிற்கும் உடல்பலம் வேண்டும் என்கிறீர்களா? உங்கள் அம்மா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மழையில் சரிவில் எத்தனை மணித்தியாலம் நிற்கிறார்?

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு துறைக்காரர்களுக்கும் ஒரே அறிவுரை. ஒன்றை எடுத்தாலும் மற்றதை விட்டுவிடாதீர்கள். மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்தோடு சேர்த்து வைல்டர் பென்ஃபீல்ட் 1934இல் ஒரு நிறுவனத்தைத் திறந்தார். நரம்பியலும் சத்திரசிகிச்சையும் ஆய்வும் அங்கே ஒரே கூரைக்குக் கீழே. அவர் வலிப்பு நோயாளிகளை விழித்திருக்கவே வைத்து, பேசவிட்டுக்கொண்டே மூளையில் மெல்லிய மின்சாரம் கொடுத்து, பேச்சின் இடம் எது, கையின் இடம் எது என்று அடையாளம் கண்டு, பிறகுதான் வெட்டினார். அவரிடம் படித்துத் திரும்பிய ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். மறு வருஷமே சென்னைப் பொது வைத்தியசாலையில் பி. ராமமூர்த்தி இன்னொன்று. அந்த விழிப்புச் சத்திரசிகிச்சை இன்றும் நடக்கிறது. கட்டி பேச்சுப் பகுதிக்குப் பக்கத்தில் இருந்தால், நோயாளியிடம் படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்லுவார்கள். நோயாளி தமிழ் மட்டும் பேசுகிறவர் என்றால், அந்தத் தியேட்டரில் அவர் பேச்சு சரியா, குழறுகிறதா என்று பிடிக்கத் தெரிந்த காது ஒன்று வேண்டும். கத்தி பிடிக்கும் வேலைக்கும் மொழி வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனிப் படிப்பின் பாதை. இலங்கையில் ஸ்பெஷலிஸ்ட் ஆவதற்கு வாசல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனமான பி.ஜி.ஐ.எம். 1980இல் இருந்து அதுதான். நியூரோலஜிக்கு நேராகப் போக முடியாது, முதலில் எம்.டி. மெடிசின். தெரிவுப் பரீட்சை, அப்புறம் ரெஜிஸ்ட்ரார் என்ற பயிற்சி டொக்டராகப் பொது மருத்துவ வார்டுகளில் சில வருஷம், அப்புறம் எம்.டி. பரீட்சை. அதில் தேறி, புள்ளி வரிசையில் நியூரோலஜி இடம் கிடைத்தால் சீனியர் ரெஜிஸ்ட்ரார். சத்திரசிகிச்சை என்றால் எம்.டி. சர்ஜரி முதல் பகுதி, பொது சத்திரசிகிச்சைப் பயிற்சி, இரண்டாம் பகுதி, பிறகு நியூரோசர்ஜரியில் சீனியர் ரெஜிஸ்ட்ரார். இரண்டிலும் கடைசிக் கட்டத்தில் குறைந்தது ஒரு வருஷம் வெளிநாட்டு வைத்தியசாலையில் பயிற்சி. திரும்பி வருவதாகப் பொண்டில் கையெழுத்து வைத்துத்தான் போக வேண்டும். எல்லாம் முடிந்து, ஸ்பெஷலிஸ்ட் என்று அங்கீகரிக்கும் போர்ட் சான்றிதழ் கிடைக்க, பரீட்சைகளை முதல் தடவையில் தாண்டினால் எட்டு வருஷம், ஒரு தடவை சறுக்கினால் பத்து. இடங்களும் நிபந்தனைகளும் வருஷா வருஷம் வரும் சுற்றறிக்கையில் மாறும். சீனியர்கள் வாய்வழியாகச் சொல்வதை நம்பாமல், அந்தக் காகிதத்தை நீங்களே வரி வரியாக வாசியுங்கள்.

இந்த எட்டு வருஷத்தில் முதல் பாதி உங்களுக்கு நியூரோலஜியாகவே தெரியாது. சர்க்கரை, இதயம், டெங்கு, ஈரல் என்று ஓடும். சலிப்பாக இருக்கும். ஆனால் நரம்பு நோயில் பாதி உடம்பின் மற்ற நோய்களிலிருந்துதான் வருகிறது. அந்த வருஷங்களை ஒப்புக்குக் கழித்தவர்கள் பிறகு நல்ல நியூரோலஜிஸ்ட் ஆனதை நான் பார்க்கவில்லை.

இன்னொன்று. கடிதத்தில் ஒரு மூலையில், "நான் மாவட்டக் கோட்டாவில் வந்தவள்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியில் ஒரு கூச்சம் தெரிந்தது. நானும் நுவரெலியா மாவட்டத்திலிருந்துதான் போனேன். பல்கலைக்கழக அனுமதியில் அகில இலங்கைத் திறமைக்கு 40 சதவீதம், மாவட்டங்களுக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 என்று வைத்திருப்பது யாரும் போட்ட பிச்சை இல்லை. பௌதிகவியல் ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைக்கும் கொழும்பில் நாலு டியூஷன் போன பிள்ளைக்கும் ஒரே கோட்டில் பந்தயம் வைக்க முடியாது என்பதற்காக வைத்தது. பேராதனையில் ஐந்து வருஷமும் கடைசிப் பரீட்சையும் எல்லோருக்கும் ஒன்றுதான், அதை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். பி.ஜி.ஐ.எம்.மில் கோட்டா கிடையாது. அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் வரும்போது யாரும் வாய் திறக்க முடியாது. ஆங்கிலத்தில் விவா, அதாவது வாய்மொழிப் பரீட்சை என்பதுதான் நம் பிள்ளைகளுக்கு உண்மையான மலை. அதற்கு ஒரே மருந்து வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது. தினமும் ஒரு நோயாளியை, ஐந்து நிமிஷத்தில், ஆங்கிலத்தில், ஒரு நண்பரிடம் போனிலாவது சொல்லுங்கள். நான் லயத்துக் கோடியில் நின்று கேட்க ஆளில்லாமல் தேயிலைச் செடிகளிடம் சொல்லிப் பழகியவன்.

உங்கள் தோழி சொன்ன அமெரிக்கா பற்றி. வேண்டாம் என்று சொல்லமாட்டேன். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை டொக்டர்கள் போனார்கள், ஏன் போனார்கள் என்று எனக்குத் தெரியும். ஒருவரையும் குறை சொல்ல மனம் வராது. ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்டு போங்கள். அங்கே நியூரோலஜி நாலு வருஷம், அதில் முதல் வருஷம் பொது மருத்துவம். நியூரோசர்ஜரி ஏழு வருஷம். அதற்கு முன்னால் யு.எஸ்.எம்.எல்.இ. என்ற லைசன்ஸ் பரீட்சைகள், பரீட்சைக் கட்டணம், நேர்முகத் தேர்வு, வருஷத்துக்கு ஒரு தடவை மார்ச்சில் யாருக்கு எந்த இடம் என்று முடிவாகும் மாட்ச். வெளிநாட்டில் படித்தவர்களுக்கு நியூரோலஜி இடம் கிடைக்கும் வாய்ப்பு ஓரளவு உண்டு. நியூரோசர்ஜரி மிக மிகக் கடினம். பலர் ஆய்வுகூடத்தில் வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஜே-1 என்ற பயிற்சி விசாவில் போனால், பயிற்சி முடிந்ததும் இரண்டு வருஷம் சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும், அல்லது விலக்கு வாங்க வேண்டும். பிரித்தானியாவில் நியூரோசர்ஜரி எட்டு வருஷப் பாதை. அந்தப் பட்டங்களோடு திரும்பி வந்தாலும், இங்கே அரச வைத்தியசாலையில் கன்சல்டன்ட் கதிரைக்கு பி.ஜி.ஐ.எம். போர்ட் சான்றிதழ் கேட்பார்கள். ஆகவே திரும்பி வரும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், இங்கே தொடங்கி அந்த ஒரு வருஷத்தை வெளிநாட்டில் கழிப்பதுதான் நேரான பாதை. திரும்பும் எண்ணமே இல்லை என்றால், அதை உங்களிடமாவது ஒளிக்காமல் சொல்லிவிட்டுப் போங்கள். பாதிவழியில் நின்று இரண்டையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்காரர்கள் கேட்பது நியாயமான கேள்வி. "இன்னும் பத்து வருஷம் படிப்பு" என்று அவர்களுக்குக் கேட்கும்போது, பத்து வருஷம் வருமானம் இல்லை என்றுதான் கேட்கிறது. அதைத் திருத்துங்கள். சுகாதார அமைச்சின் டொக்டராகத்தான் பயிற்சிக்குப் போகிறீர்கள், சம்பளம் நிற்காது. கொழும்பில் அறை வாடகையும் புத்தகமும் பிடிக்கும், ஓவர்டைம் முன்னே பின்னே ஆகும். ஆனால் மாசா மாசம் வீட்டுக்கு அனுப்பலாம். எவ்வளவு அனுப்ப முடியும் என்று ஒரு தொகையை இப்போதே சொல்லிவிடுங்கள். தம்பி கம்பஸ் முடிக்கும் வரைக்கும் அது ஓடட்டும். அம்மாவை இனி வேலைக்கு அனுப்பவேண்டாம் என்று நினைத்தால், அது நல்ல நினைப்பு. அவர் தோட்டத்தில் பெயரை நிறுத்தி வேலையை விடுவதற்கு முன்னால் ஒரு வேலை பாருங்கள். ஓய்வுக்காலச் சேமிப்பு நிதியான ஈ.பி.எஃப். பதிவில் இருக்கும் பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பார்த்துவிடுங்கள். தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர் என்று எழுதிவைத்து, கடைசியில் காசு எடுக்க அலைந்த தாய்மாரை நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

கல்யாணத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லக்கூடாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். பேசி வரும் வீட்டாரிடம் "டொக்டர்" என்று மட்டும் சொல்லாமல், மாசத்தில் எத்தனை இரவு வீட்டில் இருக்கமாட்டீர்கள், எந்த வருஷம் வெளிநாடு போவீர்கள் என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள். கேட்டு முகம் சுருங்குகிறவர் இப்போதே சுருங்கட்டும். பயிற்சிக்கு நடுவில் பிள்ளை பெற்று, பிரசவ லீவு எடுத்து, ஆறு மாசம் பிந்தி முடித்த பெண்கள் இன்று கன்சல்டன்ட்களாக இருக்கிறார்கள். அந்த ஆறு மாசத்தை இப்போது யாரும் கேட்பதில்லை.

பரீட்சை வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் இருக்கும் ஆதார வைத்தியசாலையிலேயே நியூரோ பயிற்சியைத் தொடங்கலாம். ஒரு சுத்தியல், ஒரு ட்யூனிங் ஃபோர்க், ஒரு கண் பார்க்கும் கருவி வாங்குங்கள். தினமும் ஒரு நோயாளியை, என்ன வருத்தமாக இருந்தாலும், தலையிலிருந்து கால் வரைக்கும் நரம்புப் பரிசோதனை செய்யுங்கள். ஆரோக்கியமான நூறு பேருடைய முழங்கால் அனிச்சையைத் தட்டிப் பார்க்காதவருக்கு நோயாளியின் அனிச்சை கூடியதா குறைந்ததா என்று தெரியாது. தலையில் அடிபட்டு வருகிறவருக்கு, கிளாஸ்கோவில் 1974இல் டீஸ்டேலும் ஜெனெட்டும் உருவாக்கிய, நினைவு எவ்வளவு இருக்கிறது என்று புள்ளி போடும் அந்தக் கோமா ஸ்கேலைக் கூட்டுத்தொகையாக மட்டும் எழுதாமல், கண், பேச்சு, அசைவு என்று தனித்தனியாக, ஒவ்வொரு மணித்தியாலமும் எழுதிவையுங்கள். கண்டியில் இரவில் போனை எடுக்கும் ரெஜிஸ்ட்ராருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

பக்கவாதத்தில் இன்னும் அவசரம். இரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி, அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் சி.டி. எடுத்து இரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். மஸ்கெலியா மேல் டிவிஷனில் காலை ஆறு மணிக்கு ஒருவருக்கு வாய் கோணினால், லயத்திலிருந்து தோட்டத்து ரோட்டுக்கு இறக்கி, ஹட்டன் வந்து, கண்டி போய்ச் சேரும்போது அந்த நாலரை மணித்தியாலத்தில் என்ன மிஞ்சும்? "விடியட்டும், வேலைக்குப் பெயர் போடும் பெரட்டு முடியட்டும், நாட்டு வைத்தியர் எண்ணெய் தேய்க்கட்டும்" என்று ஒரு மணித்தியாலம் போனாலே கதை முடிந்தது. இது மருந்தால் தீரும் பிரச்சினை இல்லை. தோட்டத்து மருத்துவ உதவியாளர், பிள்ளை மடுவத்துப் பொறுப்பாளர், லொறிச் சாரதி, கோயில் கமிட்டி எல்லோருக்கும் "வாய் கோணினா, கை விழுந்தா, பேச்சு குழறினா, நேரத்தைப் பார்த்துட்டு 1990க்குப் போன் பண்ணு" என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2016இல் தெற்கிலும் மேற்கிலும் தொடங்கி, இப்போது மலைக்கும் வந்திருக்கிறது. நம் ஆட்களில் பலருக்கு இன்னும் நம்பர் தெரியாது. இந்த வேலையை நீங்கள் அடுத்த ஞாயிறே உங்கள் தோட்டத்தில் தொடங்கலாம். எம்.டி. தேவையில்லை.

நோயாளி சொன்ன வார்த்தையை அப்படியே தமிழில் ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். பக்கத்தில் நீங்கள் என்ன நினைத்தீர்கள், கடைசியில் என்ன நோயாக இருந்தது என்று எழுதுங்கள். என்னிடம் அப்படி ஏழு கொப்பி இருக்கிறது. முதல் கொப்பியின் முதல் வரி அந்தச் செருப்பு.

கடைசியாக அம்மாவின் கை. இரவில் மரத்துப்போகிறது என்று எழுதினீர்கள், எந்த விரல் என்று எழுதவில்லை. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் கேளுங்கள். பெருவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, அதோடு சின்ன விரல் தப்பியிருக்கிறதா? தூக்கத்திலிருந்து எழுந்து கையை உதறினால் குறைகிறதா? குறைகிறது என்றால், கொழுந்து கிள்ளிக் கிள்ளி மணிக்கட்டில் நடு நரம்பு நசிபட்டிருக்க வாய்ப்பு அதிகம். பெருவிரல் அடிச்சதை கரைந்திருக்கிறதா என்று இரண்டு கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சர்க்கரையும் தைரோயிடும் பாருங்கள். இரவில் மணிக்கட்டு மடங்காமல் ஸ்ப்ளின்ட் கட்டிப் படுக்கச் சொல்லுங்கள். கண்டியில் நரம்புக் கடத்தல் பரிசோதனைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். சதை கரைந்திருந்தால் காத்திருக்க வேண்டாம். சின்ன ஓப்பரேஷன், அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். கேட்டுவிட்டு என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், அவர் சொன்ன வார்த்தையிலேயே.